உதடு படாத குழாய்

சென்னையில் பெரிய இதய டாக்டராக இருக்கும் அந்த மனிதர் ஒரு உண்மையைத் தெரிந்தே மறைத்தார். அவர் பெயரைப் போட இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சம்மதிக்கவில்லை. பரவாயில்லை, படித்தால் அவருக்கே தெரியும். அவர் மறைத்ததால் கம்பைநல்லூர் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆபரேஷன் இல்லாமல் சாகக் காத்திருக்கிறாள். வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சாப்பாடு, குளிர், பஸ் எல்லாம் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பயணம் எங்கே கொண்டுபோய் விட்டதோ அதையும் எழுதுவேன்.

நான் தர்மபுரி முஸ்லிம் தெருக்காரன். கடைத்தெருவில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, துணிக்கடை. டாக்டருக்குப் படித்து முடித்த பிறகு, இதயமும் நுரையீரலும் ரத்தக் குழாய்களும் நோயாளியின் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன என்று அளந்து பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். இதய வால்வு சுருங்கியவர்களின் நுரையீரல் என்ன ஆகிறது என்பது என் விஷயம். போன வருஷம், 1970-ல், இந்த வேலைக்காக என்னை ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள்.

முதல் நாளே வழி தவறினேன். அங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன. நான் நம் ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கம் நின்று பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் பதில் மீன் இறக்கும் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பனியில் வழுக்கி விழுந்தேன். மீன்காரர் ஒருவர் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "தம்பி, குதிகாலை முதலில் வைக்காதே, பாதம் முழுக்க வை" என்று சைகையில் சொல்லி நடந்து காட்டினார். நான் நடந்ததும் கைதட்டினார். எங்கள் ஊரில் விழுந்தவனைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள், பிறகு தூக்குவார்கள். இங்கே தூக்கிவிட்டுச் சிரித்தார்கள்.

நான் தங்கிய வீட்டு அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பன்றி சாப்பிட மாட்டேன் என்று ஒரு படம் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து மேஜையில் பன்றி இருந்தால் அந்தத் தட்டைச் சுட்டிக்காட்டிப் பன்றி மாதிரியே உறுமுவார். உறுமாத தட்டெல்லாம் எனக்கு. அதில் பெரும்பாலும் அவித்த உருளைக்கிழங்கும் புளிப்பும் இனிப்புமாக ஊறவைத்த பச்சை மீனும் இருக்கும். உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் தனித்தனியாகச் சண்டை போட்டுக்கொண்டு வாய்க்குள் வரும். காபி மட்டும் எந்த நேரமும் கிடைக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் நுரையீரலை அளக்கும் கருவி ஒரு டிரம். தண்ணீரில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ரப்பர் குழாயின் வாயை உதட்டால் கவ்விக்கொண்டு ஊதினால் டிரம் மேலே எழும். எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு மூச்சு. நான் ஊதினேன், நன்றாக எழுந்தது. பக்கத்திலிருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், "உங்கள் தெருக்காரர்கள் எல்லோருமே நன்றாக ஊதியிருக்கிறார்கள். விவசாயிகள்தான் மோசம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். அறுபதுகளில் அங்கிருந்து ஒரு குழு எங்கள் மாவட்டத்துக்கு வந்து ஆட்களின் நுரையீரலை அளந்து போயிருக்கிறது. தர்மபுரி முஸ்லிம் தெருக்களில் அளவு சரியாக வந்தது. கடத்தூர், கம்பைநல்லூர் பக்கத்து விவசாயிகளுக்குப் பாதிக்குப் பக்கமாகக் குறைந்தது. பிறவியிலேயே சிறிய நுரையீரல், இனமும் உணவும் காரணமாக இருக்கலாம் என்று கட்டுரை எழுதிவிட்டார்கள். அந்த அளவை வைத்துத்தான் என் ஆராய்ச்சியை நடத்த வேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்தது. கடையில் உட்கார்ந்து துணி கிழிக்கிற எங்களுக்குப் பெரிய நுரையீரலாம். விடிந்தது முதல் ஏற்றம் இறைக்கிறவனுக்குச் சின்ன நுரையீரலாம். வால்வு சுருங்கி மூச்சு வாங்கும் நோயாளியும் நல்ல உடம்புள்ள விவசாயியும் அந்தக் கணக்கில் ஒரே அளவு. இதில் எங்கோ முட்டாள்தனம் இருக்கிறது என்று சொன்னேன். "நிரூபியுங்கள்" என்றார்கள். நிரூபிப்பேன் என்றேன். எப்படி என்று அப்போது தெரியாது.

அந்த வாரமே தெரிந்துவிட்டது. அந்தக் குழுவைக் கூட்டிவந்த பேராசிரியர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது எங்கள் மாவட்டத்துப் படம் ஒன்றைச் சுவரில் போட்டுக் காட்டினார். தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி குழாயை ஊதுகிறார். வலது கையை முஷ்டியாக மடக்கி, குழாயைச் சுண்டுவிரல் பக்கம் செருகி, கட்டைவிரல் பக்கத்தில் வாயை வைத்திருக்கிறார். "எவ்வளவு கவனமாகப் பிடித்திருக்கிறார் பாருங்கள்" என்றார் பேராசிரியர்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்துபோய் ஒருவரிடம் சிகரெட் வாங்கி, விரலிடுக்கில் செருகி முஷ்டி வழியாக இழுத்துக் காட்டினேன். "எங்கள் ஊரில் ஒரு பீடியை நான்கு பேர் இப்படித்தான் குடிப்பார்கள். உதடு பட்டால் எச்சில். அடுத்தவன் வாய் வைத்த குழாயில் அந்த மனிதர் வாய் வைக்கவே இல்லை. முஷ்டிக்குள் ஊதியிருக்கிறார். பாதி மூச்சு விரலிடுக்கில் போய்விட்டது" என்றேன்.

எச்சில் என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. எங்கள் வீடுகளில் உட்கார்ந்து, டம்ளரில் வாய் வைத்துத்தான் தண்ணீர் குடிப்போம். விருந்தில் ஒரே தாம்பாளத்தில் கூடிச் சாப்பிடுவோம். அதனால் எங்கள் தெருவில் குழாயைக் கவ்வி ஊதினார்கள். விவசாயிகள் வீட்டில் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். சின்ன வயதில் அங்கே தண்ணீர் குடித்துச் சட்டையை நனைத்துக்கொண்டு வருவேன். இதில் சாதியே இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். ஆனால் கூடப் பிறந்தவன் குடித்த செம்பிலும் அவர்கள் உதடு படாமல்தான் குடிப்பார்கள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "மொழிபெயர்க்க உங்கள் நாட்டு டாக்டர் என் பக்கத்திலேயே நின்றாரே. சரியாக ஊதுகிறார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். சரி என்றார்" என்றார். அந்த டாக்டர்தான் நான் முதலில் சொன்ன சென்னை மனிதர். பேராசிரியர் பழைய டிரம் ஒன்றையும் ரப்பர் குழாயையும் கொடுத்து, "போய்த் திரும்ப அளந்து வாருங்கள். நான் எழுதியது தப்பு என்றால் நானே எழுதித் திருத்துகிறேன்" என்றார். வெள்ளைக்காரருக்கு அந்த அளவு மானம் இருந்தது.

நாடு திரும்பி, சென்னையில் டிரம்மோடு பொம்மிடிக்கு ரயில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஜோலார்ப்பேட்டை தாண்டியும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இட்லிக் குண்டாவா தம்பி?"

"இல்லைங்க. மூச்சு அளக்குறது."

"அளந்து என்னா பண்ணுவீங்க, விப்பீங்களா?"

"எவ்ளோ இருக்குதுன்னு பாக்குறதுங்க."

"போற வரைக்கும் இருக்கும். இதுக்கு ஒரு குண்டாவா?" என்று சொல்லிவிட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்தார். எனக்கும் ஓர் உருண்டை புளிச்சோறு வந்தது. அந்த மீனையெல்லாம் நாக்கு அன்றுதான் மன்னித்தது.

பொம்மிடியில் பஸ் ஏறி, கடத்தூரில் மாற இறங்கினேன். மதுவிலக்கு அமலில் இருக்கிறது. செம்பு டிரம், அதில் ரப்பர் குழாய். போலீஸ்காரர் ஒருவர் தோளில் கை போட்டார்.

"சாராய ஊறலு எங்க பாய் போட்டிருக்கீங்க?"

"நான் டாக்டருங்க."

"போன வாரம் புடிச்சவனும் வைத்தியருன்னுதான் சொன்னான். மூலிகை காச்சுறானாம்."

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடையில் ஒரு அண்டாத் தண்ணீர் வாங்கி அதில் டிரம்மைக் கவிழ்த்து, "நீங்களே ஊதிப் பாருங்க" என்று குழாயை நீட்டினேன். போலீஸ்காரர் மீசையைத் துடைத்துக்கொண்டு, முஷ்டியை மடக்கி, குழாயைச் சுண்டுவிரல் பக்கம் செருகினார். ஊதினார். டிரம் லேசாக அசைந்து நின்றுவிட்டது.

"ஏட்டய்யாவுக்கு மூச்சே இல்லடா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"எவன்டா அவன்?" என்று அவர் போட்ட சத்தத்துக்கு பஸ் ஸ்டாண்டு காக்காயெல்லாம் பறந்தது. மூச்சில்லாதவர் போடுகிற சத்தமா அது? நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. முஷ்டிதான் குறை.

அதே டீக்கடையில் கடைக்காரர் மனைவி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இரும்பு ஊதாங்குழலை உதட்டால் இறுகக் கவ்வி, கன்னம் உப்ப ஊதினார். குப்பென்று தீ பிடித்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உதடு பட்டால் கூடாது என்பவர்கள் தினமும் உதட்டால் கவ்வும் குழாய் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது அவரவர் வீட்டுக் குழாய். என் ரப்பர் குழாயின் வாய்க்குள் அது பொருந்துமா என்று பார்க்க, கேட்டு வாங்கிச் செருகினேன். பொருந்தியது.

கம்பைநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் டிரம்மை வைத்தேன். அந்தப் படத்திலிருந்த விவசாயியைத் தேடித்தான் அந்த ஊருக்குப் போனது. மாதப்பன் என்று பெயர். ஊரே கை காட்டியது. வெள்ளைக்காரர் படம் பிடித்த ஆள் என்று அவருக்கு அங்கே ஒரு மதிப்பு.

முதலில் பழைய மாதிரியே ஊதச் சொன்னேன். அவரும் மற்றவர்களும் முஷ்டிக்குள் ஊதினார்கள். பெண்கள் முந்தானையை நான்காக மடித்துக் குழாயின் மேல் வைத்து ஊதினார்கள். வெள்ளைக்காரர் எழுதிய அதே மோசமான அளவு. டெட்டால் போட்டுக் கழுவித் தருகிறேன், வாய் வையுங்கள் என்றேன்.

"டெட்டால்ல அழுக்குதானுங்க போவும். எச்சி எப்பிடிங்க போவும்?" என்றார் மாதப்பன். கூட்டம் அதை ஆமோதித்தது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அவங்கவங்க வூட்டு ஊதாங்குழலை எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போய் எடுத்து வந்தது. இரும்புக் குழல், பித்தளைக் குழல், மூங்கில் குழல், சைக்கிள் பம்பை அறுத்துச் செய்த குழல். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வாழவந்த ஒரு பெண் கன்னடத்தில் மாமியாரைத் திட்டிக்கொண்டே கொண்டுவந்தாள். மாமியார் ஊதிய குழலில் தான் ஊத மாட்டேன் என்று சண்டை.

"தெனமும் இதுலதான அடுப்பு ஊதுற?" என்றார் மாமியார்.

"அது அடுப்புக்கு! இது டாக்டருக்கு!" என்றாள் மருமகள். அவளுக்கு வேறு குழல் வந்த பிறகுதான் ஊதினாள்.

டிரம் எழுந்த எழுச்சியைப் பார்க்க வேண்டும். மாதப்பன் கவ்வி ஊதியதும் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடுமோ என்று நான் கையால் பிடித்தேன். என்னைவிட, என் தெருக்காரர்களைவிட, அந்த மீன்காரரைவிட அதிகமாக இருந்திருக்கும். குழல் குறுகலாக இருந்தால் மூச்சு மெதுவாகப் போகும், அவ்வளவுதான். மொத்த அளவு குறையாது. அதனால் நிதானமாக, முழுக்க ஊதச் சொன்னேன். ஊரே ஊதியது. ஒருவருக்கும் சின்ன நுரையீரல் இல்லை.

நான் ஜெயித்த சந்தோஷத்தில் மாதப்பனின் முதுகில் தட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"பாய், அப்ப மின்ன நாங்க ஊதுனது தப்புங்களா?"

"தப்பு உங்க மேல இல்லைங்க. பாத்தவங்க மேல."

"அந்தத் தப்புலதானுங்க எங்கூட்டுக்காரி சாவக் கெடக்குறா" என்றார்.

அவர் மனைவி பச்சையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, இதயத்தின் இடது பக்க வால்வு சுருங்கிவிட்டது. ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். சர்ஜன் விரலை உள்ளே விட்டு அந்த வால்வை விரித்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள். அதற்காகத்தான் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் குழாயை ஊதச் சொன்னார்கள். அளவு மிகக் குறைந்தது. அங்கே பார்த்ததும் அதே இதய டாக்டர்தான். அவர் என்ன சொன்னார் என்பதை மாதப்பனே சொன்னார்.

"'உங்க ஜில்லாவுக்கே பொறப்புல சின்ன நுரையீரலுய்யா. அதுல இந்த நோவு வேற. மயக்கம் குடுத்தா எந்திரிக்க மாட்டா. வெள்ளைக்காரனே அளந்து சொல்லிட்டான், கூட்டிட்டுப் போ'ன்னுட்டாருங்க. வெள்ளைக்காரன் அளந்தது என்னையத்தானுங்க, பாய். எம்மூச்சுதான் இவளுக்கு எமனாச்சுதா?"

நான் பச்சையம்மாளைக் கேட்டேன், "அங்க எப்பிடிம்மா ஊதுனீங்க?"

"எத்தினி பேரு வாய் வச்சதோ அதுல. முந்தானிய வச்சுத்தான் ஊதுனேன்" என்றாள். "அந்த டாக்டரு பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. ஒண்ணும் சொல்லலியே."

"உங்க வூட்டுக் குழல் எங்க?"

மடியிலிருந்து எடுத்தாள். வாய் வைத்து வைத்து ஒரு முனை பளபளத்த பித்தளைக் குழல். இரண்டு முறை மூச்சு வாங்கி நிறுத்தினாள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். டிரம் எழுந்தது. அவள் நாத்தனார் ஊதிய அளவுக்கு வரவில்லை. வால்வு அப்படி இருந்தால் வராது. ஆனால் சென்னையில் கொடுத்த சீட்டில் இருந்த அளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். ஆபரேஷனைத் தாங்காத நுரையீரல் அது அல்ல. இதை என் படிப்பின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

"ஊதுனது போதுமுங்களா? சோறு வடிக்கணும், கொழலு வேணும்" என்றாள்.

"குழலோடு சென்னைக்குக் கிளம்புங்க" என்றேன்.

நான்தான் கூட்டிப்போனேன். அவர்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். என் ஆராய்ச்சிக்கு இந்தியாவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அந்த டாக்டர்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஊதாங்குழலா? இதை சயின்ஸ்னு எவன்கிட்ட சொல்லுவே?"

"உங்க குழாய்லயே வைங்க சார். புதுசா ஒரு வாய்த்துண்டு போட்டு, இது உனக்கு மட்டும்னு சொல்லிக் குடுங்க. நீங்களே அளங்க."

"ஒருதரம் அளந்தாச்சு."

"முந்தானையை அளந்தீங்க. அன்னைக்குக் கிராமத்துல முஷ்டியை அளந்தீங்க. நீங்க பாக்கலையா சார்?"

அவர் மேஜை மணியை அடித்தார். பியூன் வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் தலையை அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். அவருடைய டம்ளர். அவரைத் தவிர வேறு யாரும் குடிக்காத டம்ளர்.

குடித்துவிட்டுச் சொன்னார்: "பாத்தேன்ப்பா. வெள்ளைக்காரன் முன்னாடி எச்சில் சமாச்சாரத்தை எப்படி விளக்கறது? காட்டுமிராண்டிங்கன்னு நினைக்க மாட்டானா? நம்ம மானம் போகாதா?"

"மானம் போகக் கூடாதுன்னு நுரையீரலைச் சின்னதாக்கிட்டீங்களா சார்?"

"உனக்கு ஆராய்ச்சிப் பட்டம் வேணுமா, வேண்டாமா?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என் பதில் இந்தக் கட்டுரை.

சர்ஜனைப் பார்த்தேன். நல்ல மனிதர். ஆபரேஷன் செய்யத் தயார் என்கிறார். ஆனால் இதய டாக்டர் "தாங்காது" என்று எழுதியதை அவரே ரத்து செய்யாமல் கத்தியை எடுக்க முடியாது என்கிறார். ஸ்வீடன் பேராசிரியருக்கு எல்லாவற்றையும் தெரியப்படுத்திவிட்டேன். அவர் தன் கட்டுரையைத் திருத்துவார். நம் ஊர்க்காரர்தான் திருத்த மாட்டேன் என்கிறார்.

இதை எழுதும்போது பச்சையம்மாள் அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே சத்திரத்தில் மூன்று கல் வைத்து, அதே பித்தளைக் குழலால் அடுப்பு ஊதுகிறாள். இரண்டு ஊதலுக்கு ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு மறுபடியும் ஊதுகிறாள். தீ பிடிக்கிறது. உங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் புகை தெரியும், டாக்டர்.

உங்களைத்தான் கேட்கிறேன். எங்கள் மாவட்டத்து ஜனங்கள் அந்தக் குழாயில் உதடு வைத்தார்களா, இல்லையா? நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? என் அறைக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பாதீர்கள், வர மாட்டேன். நீங்கள் தமிழ் படிக்கிறவர். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, ஊர் பார்க்கப் பதில் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து, அவள் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.